விளக்கை அணைக்கும் சொல்

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த கடுக்காய்க் கிடங்கில் தினக்கூலியாக வேலை செய்த இருபத்திரண்டு பேருக்கும் ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்பது 1987ஆம் ஆண்டு பிப்ரவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதினாறு வருடங்களில் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. கரியாலூரிலிருந்தும் அதற்கு மேலே உள்ள ஊர்களிலிருந்தும் மலைச்சனங்கள் கடுக்காயைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இவர்கள் அதை உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றினார்கள். கடுக்காய் எந்த மொழியிலும் புகார் சொன்னதில்லை.

குறை வெளிவந்ததற்குக் காரணம் அவர்களே கொடுத்த மனு. எங்களை நிரந்தரம் செய்யுங்கள் என்று இருபத்திரண்டு பேரும் கைநாட்டும் கையெழுத்துமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். நேரம் சரியில்லை. தனி ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் சூடாகியிருந்தது. சுவர்களில் சதவீதம் எழுதியிருந்தார்கள். எந்த வேலைக்கு யாரை எடுத்தாலும், எந்தச் சாதியில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு ஆள் இருந்தது. கிடங்கை நடத்திய அரசுக் கழகம் இரண்டு மாதம் யோசித்தது. இவர்களை நிரந்தரம் செய்தாலும் கேள்வி வரும், செய்யாவிட்டாலும் வரும். ஆகவே சாதியே ஒட்டாத ஒரு தகுதியை வைத்து எடுக்க வேண்டும் என்று முடிவானது. அப்படித் தேடும்போதுதான் ஆங்கில ஒலிச் சீர்மை வாரியம் என்று ஒன்று சென்னையில் இருப்பதும், நான்கு வருடங்களாக அதற்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதும் தெரியவந்தது.

வாரியத்தின் ஒலி அலுவலர் தெய்வசிகாமணி மார்ச் மாதம் நேரில் வந்தார். ஐம்பத்தைந்து வயது, கோட்டு, கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. கிடங்கு வாசலில் மூட்டைகளை நகர்த்தி அவருக்கு இடம் செய்து கொடுத்தார்கள். அவர் பேசினார்.

"நண்பர்களே, சாதி எங்கே இருக்கிறது? சர்டிபிகேட்டில் இருக்கிறது. தெருவில் இருக்கிறது. சுடுகாட்டில் இருக்கிறது. ஆனால் உச்சரிப்பில் இல்லை. ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிப்பவனைப் பார்த்து நீ என்ன சாதி என்று கேட்க யாருக்கும் தோன்றாது. தவறாக உச்சரிப்பவனைப் பார்த்தால்தான் தோன்றும். என்னிடம் ஒருவர் மூன்று வார்த்தை பேசினால் போதும், எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருட அனுபவம். ஆகவே இந்தத் தேர்வு முற்றிலும் நடுநிலையானது."

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் நின்ற பச்சமுத்து கையை உயர்த்தினார்.

"ஐயா, இங்கிலீசுல நாங்க யார்கிட்ட பேசணும்ங்க?"

"யாரிடமும் பேச வேண்டியதில்லை. உச்சரித்தால் போதும்."

பச்சமுத்துவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எட்டாவது வரை படித்தவர். இருபத்திரண்டு பேரில் இந்த நிரந்தரத்தை அவர் அளவுக்கு யாரும் விரும்பவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு காகிதம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அவரோடு சேர்ந்தே வேலைக்கு வந்த பாவாடை என்பவர், பதினான்கு மூட்டை அடுக்கிய உயரத்திலிருந்து மூட்டையோடு விழுந்து செத்துப்போனார். தூக்கிக்கொண்டு ஓடியவர் பச்சமுத்துதான். பாவாடையின் மனைவி ஜெயம்மாள், தன் புருசன் இங்கே வேலை செய்தார் என்று ஒரு சீட்டு மட்டும் கேட்டாள். மூன்று மாதம் கழித்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டியவரும் பச்சமுத்துதான். மேற்படி பெயரில் இக்கிடங்கில் எவரும் பணியாற்றியதாகப் பதிவு இல்லை, எவரும் விழுந்ததாகவும் பதிவு இல்லை என்று அதில் இருந்தது. அது பொய்யும் இல்லை. தினக்கூலிகளின் பெயரைக் கிடங்கில் எழுதுவதில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் 'ஆட்கள் – 22' என்று மட்டும் இருக்கும். பாவாடை விழுந்த அன்றும் இருபத்திரண்டு. மறுநாள் வேறொருவர் வந்துவிட்டதால் அன்றும் இருபத்திரண்டு.

அன்றிலிருந்து பச்சமுத்து தன் மனைவி பெரியநாயகியிடம் ஒன்றையே சொல்லிவந்தார். "நாளைக்கி நானும் அந்த மூட்டை மேலருந்து வுழுந்தா, நான் வுழுந்தேன்னு சொல்றதுக்கு ஒரு பேப்பரு வோணும் புள்ள."

"வுழுந்தா நான் சொல்ல மாட்டனா?"

"நீ சொன்னா செல்லாது."

வகுப்பு சனிக்கிழமைதோறும் கள்ளக்குறிச்சியில், மூடிக் கிடந்த ஒரு நெல் மண்டியின் மாடியில் நடந்தது. கிடங்கிலிருந்து பதினோரு மைல். பயிற்றுநராக வாரியம் அனுப்பிய பெண்ணின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. இந்தப் பெயரோடு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது பயிற்சியின் நோக்கத்தைக் குலைக்கும் என்று தலைமையகம் கருதியதால் பதிவேடுகளில் அவள் 'மிஸ்' என்று மட்டும் குறிக்கப்பட்டாள். சின்னப் பெண். அவளும் தற்காலிகம்தான்.

சொற்பட்டியலில் நானூறு சொற்கள். பியானோ, ஸ்னோ, ஸ்ட்ராபெர்ரி, கதீட்ரல். மூட்டை, தராசு, கொக்கி, லாரி எதுவும் இல்லை. இதைப்பற்றிக் கேட்டபோது தெய்வசிகாமணி எழுத்து மூலமாகவே விளக்கம் அனுப்பினார்: 'சொல்வளம் என்பது தனக்குத் தெரியாத பொருளின் பெயரைத் தெரிந்துகொள்வது. தெரிந்த பொருளின் பெயரைத் தெரிந்துகொள்வதால் எவருக்கும் வளம் கூடுவதில்லை.' இருபத்திரண்டு பேரும் பனியையே பார்க்காமல் ஸ்னோ என்று சொன்னார்கள். கதீட்ரல் என்பது ஒரு வகைக் கத்தரிக்காய் என்று நான்கு வாரம் நம்பினார்கள்.

ஆனால் தேர்வில் இந்த நானூறும் வராது. ஒரே ஒரு சொல்தான் வரும். தெய்வசிகாமணி கொண்டுவந்த மரப்பெட்டிக்குள் இருந்தவை மெழுகுவர்த்திகள். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் 'ப' வந்தால் அதோடு ஒரு மூச்சு வெடித்து வெளியே வர வேண்டுமாம். தமிழன் வாயில் அந்த மூச்சு வருவதில்லை. வருகிறதா என்று கண்டுபிடிக்க வாயிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பது வழக்கம். வாரியம் அதை ஒரு விதியாக மாற்றியிருந்தது. தேர்வு நாளில் ஒவ்வொருவரும் மெழுகுவர்த்தியின் முன்னால் உட்கார்ந்து 'பெர்மனென்ட்' என்று ஒரு முறை சொல்ல வேண்டும். சுடர் அணைந்தால் பெர்மனென்ட். அணையாவிட்டால் செப்டம்பர் முப்பதோடு வேலையிலிருந்து விடுவிப்பு.

முதல் வகுப்பிலேயே சிக்கல் வந்தது. செந்தமிழ்ச்செல்வி மெழுகுவர்த்திகளை ஏற்றி, "எங்கே, எல்லாரும் அணையுங்க பார்க்கலாம்" என்றாள். இருபத்தொரு பேர் கையை விசிறி அணைத்தார்கள். ஒருவர் விரலை எச்சில் தொட்டுத் திரியை நசுக்கினார்.

"கையால இல்லைங்க. வாயால."

எல்லோரும் மெழுகுவர்த்தியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். கடைசியில் பச்சமுத்து சொன்னார். "வெளக்க வாயால ஊதக் கூடாதும்மா."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. வூட்டுக்கு ஆவாது."

"இது வீடு இல்லையே. மண்டி."

"வெளக்கு வெளக்குதாம்மா."

அவளுக்கும் அது தெரியும். அவள் அம்மாவும் பூவால்தான் விளக்கைக் குளிரவைப்பாள். இருந்தாலும் அறிக்கை அனுப்ப வேண்டியது அவள் வேலை, அனுப்பினாள். இரண்டு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. 'வாரியத்தின் மெழுகுவர்த்தி, விளக்கு என்ற வகைப்பாட்டில் வராது. அது ஒலி அளவீட்டுக் கருவி. கருவியை ஊதி அணைப்பதால் ஊழியரின் குடும்பத்துக்கு நேரும் எந்தக் கெடுதலுக்கும் வாரியம் பொறுப்பல்ல.' இதைக் கேட்டபிறகு பயம் கூடியது. கெடுதல் உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர் அடுத்த வாரம் வரவில்லை.

வந்தவர்களுக்கு இருமல் தடையாக இருந்தது. கடுக்காய்த் தூளைப் பதினாறு வருடம் மூச்சில் இழுத்தவன் 'பெர்' என்று தொடங்கும்போதே இருமிவிடுவான். சுடர் அணையும். ஆனால் இருமல் ஆங்கிலத்தில் சேராது என்று செந்தமிழ்ச்செல்வி குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கும் சுற்றறிக்கை வந்தது. 'தொண்டைக் கோளாறுக்குக் கடுக்காயை வாயில் அடக்கிக்கொள்வது நம் முன்னோர் கண்ட மருந்து. பயிற்சி பெறுவோர் ஆளுக்கு இரண்டு கடுக்காய் அடக்கிக்கொள்ளலாம்.' சுற்றறிக்கையைக் கிடங்குக் காவலர்களுக்கு யாரும் அனுப்பவில்லை. ஆகவே திங்கட்கிழமை மாலை வாசலில் இருபத்திரண்டு பேரையும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, பதினேழு பேரிடமிருந்து முப்பத்து நான்கு கடுக்காய்களைத் திருட்டுச் சொத்தாகக் கைப்பற்றினார்கள். அவை காயவைக்கப்பட்டு மறுபடி மூட்டையில் சேர்க்கப்பட்டன.

பச்சமுத்து விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாசலில் சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்குள்ளே வைத்து ஊத பெரியநாயகி விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில்தான்.

"பெர்மனென்ட்."

சுடர் நிற்கும்.

"பெர்மனென்ட்."

இருமல் வரும். சுடர் அணையும். பெரியநாயகி மறுபடி ஏற்றிக் கொடுப்பாள். முதல் ஒரு மாதம் அப்படித்தான் போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா எழவு வார்த்தைய்யா இது? சொன்னா வெளக்கு அணையுது. நல்ல வார்த்தையா இருந்தா எரியணும் இல்ல?"

"அதுக்கு அர்த்தம் நல்ல அர்த்தம்தான் புள்ள. எப்பவும் இருக்கறதுன்னு அர்த்தம்."

"எப்பவும் இருக்கறதுன்னு சொல்லிக்கினே அணைப்பாங்களா?"

பச்சமுத்து தீப்பெட்டியைத் தானே எடுத்து விளக்கை ஏற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் மாதத்தில் சுடர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் பத்துக்கு நான்கு முறை இருமாமலே அணைந்தது. அதற்காக அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பீடியை விட்டுவிட்டார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். பெரியநாயகி மாரியம்மனுக்கு வேண்டியும் நடக்காதது வாரியத்தால் நடந்தது. அணையும் ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி ஏற்றுவாள்.

தேர்வு செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. பதினேழிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று போராட்டக்காரர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று செந்தமிழ்ச்செல்வி எழுதிக் கேட்டாள். 'வாரியத்தின் தேதிகள் சாலைகளைச் சார்ந்தவை அல்ல' என்று பதில் வந்தது. பதில் எழுதிய தெய்வசிகாமணி பதினாறாம் தேதியே சின்னசேலத்தில் ரயில் இறங்கி ஜீப்பில் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தார். ஜீப்பை எரித்துவிடுவார்கள் என்று டிரைவர் பயந்து, ஊருக்கு மூன்று மைல் தள்ளித் தெரிந்தவர் தோப்பில் மறைவாக நிறுத்திக்கொண்டான். பதினேழாம் தேதி விடியும்போது எல்லாச் சாலைகளிலும் மரம் விழுந்து கிடந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, மின்சாரமும் இல்லை.

பத்தொன்பதாம் தேதி பச்சமுத்து விடிவதற்கு முன் கிளம்பி நடந்தார். மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். "பைத்தியமாண்ணே உனக்கு? மண்டைய ஒடச்சிடுவாங்க" என்றார்கள். சாலையை விட்டுக் கரும்புக்கொல்லைகளுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, சோளக்காட்டு வரப்பில் ஏறி, பதினோரு மைலைப் பதினைந்து மைலாக்கிக்கொண்டு மண்டி மாடியில் ஏறும்போது மணி பன்னிரண்டே கால். கரும்புத் தோகை கையிலும் முகத்திலும் கீறியிருந்தது.

தெய்வசிகாமணி பனியனும் லுங்கியுமாக ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாக அதுதான் சாப்பாடு. பச்சமுத்துவைப் பார்த்ததும் பதறி எழுந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். லுங்கியை மாற்ற நேரம் இல்லை.

"யார் நீங்க?"

"பச்சமுத்துங்க. கடுக்கா கெடங்கு. பரீட்சைக்கி."

செந்தமிழ்ச்செல்வி மூலையிலிருந்து எழுந்து வந்தாள். "நடந்தா வந்தீங்க?"

"நடந்துதாம்மா. லேட்டாயிடுச்சுங்களா?"

"ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு, உட்காருங்க" என்றார் தெய்வசிகாமணி. கோட்டு மாட்டியதும் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.

இருபத்திரண்டு பேருக்கு என்று வந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்றவையெல்லாம் இருட்டில் வெளிச்சத்துக்காக எரிந்துபோயிருந்தன. அந்த ஒன்றை ஸ்டூலின் மேல் நட்டு, ஜன்னல்களைச் சாத்தி, ஸ்கேல் வைத்து ஆறு அங்குலம் அளந்தார்கள். பச்சமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். தொண்டைக்குள் இருமல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினார்.

"பெர்மனென்ட்."

சுடர் அணைந்தது. 'பெ'யிலேயே அணைந்துவிட்டது. மீதிச் சொல் புகையின் மேல் போனது.

செந்தமிழ்ச்செல்வி ஒரு முறை கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். தெய்வசிகாமணி புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு 'ப' நான் கேட்டதில்ல. என்னாலயே முடியாது. வாழ்த்துக்கள்."

"பாசுங்களா ஐயா?"

"அதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. உட்காருங்க."

அவர் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"விதி பதினொண்ணு. அஞ்சு பேருக்குக் குறைவா வந்தா தேர்வு நடந்ததா எழுதக் கூடாது. இதைப் பாருங்க, ரெண்டே கட்டம். 'தேர்வு நடந்தது', 'யாரும் வரவில்லை'. மூணாவது கட்டம் அச்சடிக்கல."

"நான் வந்திருக்கேனேங்க."

"வந்திருக்கீங்க. நான் மறுக்கலையே. ஒரு மனுஷனா நான் உங்களைப் பார்க்கிறேன். வாரியமா பார்க்கும்போதுதான் நீங்க தெரியல."

"நாலு பேர நாளைக்கி இட்டுக்கினு வரட்டுங்களா? கால்ல வுழுந்தாவது இட்டாறேன்."

"தேதி இன்னைக்கு. முப்பதோட திட்டமே முடியுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்கும் சொல்றேன். ரோடு மூடியிருக்கு. போலீஸே உள்ள வர முடியல. நீங்க வந்தீங்கன்னு எழுதினா, எப்படி வந்தீங்கன்னு மேல கேப்பாங்க. மரம் வெட்டினவங்க விட்டாங்கன்னு சொன்னா நீங்க அவங்க ஆளு. விடலன்னு சொன்னா நீங்க வந்தது பொய். ரெண்டுல எது எழுதட்டும்? வராததுதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

பச்சமுத்து படிவத்தைப் பார்த்தார். "கொல்லை வழியா வந்தேன்னு எழுதுங்க ஐயா."

"கொல்லைக்குக் கட்டம் இல்லையே."

செந்தமிழ்ச்செல்வி தட்டச்சு இயந்திரத்தில் மூன்று படிவமும் இரண்டு கார்பனும் வைத்து அடித்தாள். அடித்து முடித்ததைத் தெய்வசிகாமணி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜன்னலைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"பொதுமக்கள்ல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும். வாரியத்தோட சம்பந்தம் இல்லாதவரா இருக்கணும்." அவர் திரும்பி பச்சமுத்துவைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "மணி ஒண்ணு அஞ்சு. தேர்வு நேரம் முடிஞ்சுபோச்சு. இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்களே போடலாம்."

"இன்னான்னு சாட்சி போடணும்ங்க?"

"இன்னைக்கு இங்க யாரும் வரலைன்னு."

பச்சமுத்து செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். அவள் குனிந்து கார்பன் தாளை நேர்செய்துகொண்டிருந்தாள்.

"போடலன்னா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. சாட்சி இல்லாத படிவம் செல்லாது. அப்புறம் விசாரணை வரும். இந்தப் பொண்ணுதான் பொறுப்பு, இவளையும் முப்பதாம் தேதிக்கு முன்னாடியே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. வேற ஒண்ணும் இல்ல."

பச்சமுத்து மூட்டை தைத்த கையால் பேனாவை வாங்கினார். செந்தமிழ்ச்செல்வி ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டார்.

"அழுத்திப் போடுங்கண்ணே" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "மூணு காப்பி."

அழுத்திப் போட்டார். பதினாறு வருடத்தில் அவர் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒன்று சென்னைக்கு, ஒன்று கழகத்துக்கு, ஒன்று கோப்புக்கு.

சாட்சி கிடைத்துவிட்டதால் தெய்வசிகாமணிக்குத் தைரியம் வந்தது. வெளியே போகும் வழி தெரிந்த ஆளும் இப்போது கையில் இருந்தார். ஜீப் நிற்கும் தோப்பு வரைக்கும் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். பச்சமுத்து சரி என்றார். அது அவர் ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம். மரப்பெட்டியைத் தூக்க ஆள் இல்லாததால் அதையும் அவரே தலையில் வைத்துக்கொண்டார். ஸ்கேல், பதிவேடுகள், அந்தக் கோப்பு எல்லாம் அதற்குள் இருந்தன. தெய்வசிகாமணி கோட்டைக் கழற்றிச் சுருட்டி, சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர் மாதிரி ஒரு பைக்குள் திணித்துக்கொண்டார்.

செந்தமிழ்ச்செல்வியும் சேர்ந்து மூன்று பேரும் கிட்டத்தட்ட மூன்று மைல் வரப்பிலேயே போனார்கள். கடைசியில் ஓர் இடத்தில் சாலையைக் கடக்காமல் வழியில்லை. அங்கே ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றி முப்பது, முப்பத்தைந்து வயதில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலி ஒன்று மரத்திலேயே குத்தி நின்றது. கொளுத்தும் வெயில்.

"நில்லுங்க. யாரு நீங்க? எங்க போறீங்க?" ஒருவர் எழுந்து வந்தார். மற்றவர்கள் அவரைத் தமிழழகன் என்று கூப்பிட்டார்கள்.

தெய்வசிகாமணிக்கு உச்சரிப்பு வரவில்லை.

"ஆபீசரா?" என்று தமிழழகன் பையிலிருந்து எட்டிப் பார்த்த கோட்டைக் காட்டினார். "கவர்மெண்டு ஆளுங்க யாரையும் வுடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பின்னால் இருந்த இன்னொருவர் சிரித்தார். "கோட்ட பையில வச்சிக்கினு லுங்கி கட்ற ஆபீசர இப்பதான்டா பாக்கறேன். மாப்ளைய பாதியில இட்டுக்கினு வந்துட்டாங்க போல."

தெய்வசிகாமணி சட்டென்று பச்சமுத்துவின் தோளில் கை வைத்தார்.

"நாங்க இவர்கூட வந்திருக்கோம். உள்ளூர்க்காரர். நம்ம கடுக்கா கிடங்கு. பதினாறு வருஷமா இருக்காரு. பர்மனென்ட்."

அவர் சொன்னதில் மூச்சே இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது போலத்தான் சொன்னார்.

தமிழழகன் பச்சமுத்துவின் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த கீறல்களைப் பார்த்தார். "உங்கள நான் பாத்திருக்கேண்ணே. எங்க மாமன் கடுக்கா லோடு ஓட்டறாரு. கெடங்குல நின்னுக்கினு இருப்பீங்க."

"ஆமா."

"பர்மனென்ட்டாண்ணே நீங்க?"

பெட்டி தலைமேல் கனத்தது. பச்சமுத்து அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணியின் விரல்கள் அவர் தோளில் அழுந்தின. தோளை அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

"ஆமா" என்றார்.

"வுடுங்கடா. நம்ம ஊரு ஆளுதான். அண்ணனோட வந்தவங்க."

நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய கிளையை இழுத்து ஓராள் நுழையும் அளவு வழி செய்தார்கள். அந்தப் பக்கம் சிறிது தூரத்தில் தோப்பு, அதன் பின்னால் மரம் விழாத ஒரு வண்டிப்பாதை. டிரைவர் ஜீப்பைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். பச்சமுத்து பெட்டியை இறக்கி ஜீப்புக்குள் வைத்தார். தெய்வசிகாமணி கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப உதவி, பச்சமுத்து. உங்க 'ப'வை விட்டுடாதீங்க. பயிற்சி பண்ணிக்கிட்டே இருங்க."

செந்தமிழ்ச்செல்வி பின்சீட்டில் ஏறி மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் நகர்ந்துவிட்டது.

பச்சமுத்து திரும்பி அந்த இடைவெளி வழியாக வந்தார். வீட்டுக்குப் போக அவருக்கும் அதுதான் வழி. தமிழழகன் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். மரத்தின் மேல் ஓர் இடத்தைக் கையால் தட்டி உட்காரச் சொன்னார்.

"பர்மனென்ட்டுன்னா பென்சன் உண்டு இல்லண்ணே?"

"உண்டு."

"நாளைக்கி உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அண்ணிக்கும் வரும் இல்ல?"

"வரும்."

"பேரு எழுதி வச்சிருப்பாங்க இல்ல?"

பச்சமுத்து தண்ணீரைக் குடித்து முடித்தார். "எழுதியிருக்கு. மூணு காப்பி."

தமிழழகன் தலையாட்டினார். தன்னோடு இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களாடா? இதுக்குத்தான் நாம மூணு நாளா வெயில்ல கெடக்கறோம்." பிறகு பச்சமுத்துவிடம், "நீங்க குடுத்து வச்சவருண்ணே" என்றார்.

சொன்னவர் மனதாரத்தான் சொன்னார்.

விலக்கிய கிளையைத் திரும்பக் குறுக்கே போட எழுந்தார்கள். பச்சைக் கிளை, இலையோடு கனத்தது. இப்போது மேட்டின் பக்கம் இழுக்க வேண்டியிருந்ததால் நான்கு பேர் இழுத்தும் அசைய மறுத்தது. பச்சமுத்து செம்பைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய், கிளையின் அடிப்பக்கத்தைப் பிடித்தார்.